துடைப்பதற்கு முன் திருப்பிப் பாருங்கள்

பழைய வெள்ளிச் சாமான் கைக்கு வந்ததும் பாலிஷ் டப்பாவைத் தேடாதீர்கள். நான் தேடினேன். முதன்முதலாக வாங்கிய, பூ வேலைப்பாடுள்ள பால் ஜாடியை ரசாயனக் கரைசலில் முக்கி எடுத்தேன். பளபளத்தது. ஆனால் இதழ் இடுக்கிலிருந்த கறுப்போடு பூவும் போய்விட்டது. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளிறி நின்றது. அந்தக் கறுப்புதான் பூவுக்கு நிழல்.

முதலில் கவிழ்த்து, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் அடிப்பாகத்தைப் பாருங்கள். வெளிச்சம் சாய்வாக விழட்டும். இங்கிலாந்துப் பொருளென்றால் பெரும்பாலும் நடக்கும் சிங்கம் பொறித்த முத்திரை இருக்கும்: ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. எந்த ஊரில் சோதித்தார்கள் என்பதற்கும் முத்திரை உண்டு: நங்கூரம் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை லண்டன். ஆண்டைச் சொல்வது ஓர் எழுத்து. அதே எழுத்து சுற்றிச் சுற்றி வரும் என்பதால் எழுத்தின் வடிவத்தையும் அதைச் சூழ்ந்த கட்டத்தையும் சேர்த்தே அட்டவணையில் தேடவேண்டும். அரசர் அல்லது அரசியின் தலையும் இருந்தால் பெரும்பாலும் 1784க்கும் 1890க்கும் இடைப்பட்டது. வரி கட்டியதற்கு அடையாளம் அது.

மிச்சமிருப்பது செய்தவர் முத்திரை. கூட்டெழுத்தில் எச்.பி. என்றிருந்தால் மனம் துள்ளும்: கணவர் இறந்தபின் 1761இல் தன் பெயரில் முத்திரை பதிந்து, லண்டனில் வெள்ளிப் பட்டறை நடத்திய ஹெஸ்டர் பேட்மேன். அவரே சுத்தியல் பிடித்தார் என்று நினைத்துவிடாதீர்கள். முத்திரை பட்டறைக்குப் பொறுப்பானவரைத்தான் சொல்லும். தட்டிய கையைச் சொல்லாது.

இ.பி.என்.எஸ். என்றிருந்தால் வெறும் முலாம்: நிக்கல் கலந்த உலோகத்தின் மேல் மின்சாரத்தால் பூசிய வெள்ளி. தேய்ந்த விளிம்பில் செம்பு சிவந்து தெரிந்தாலும் கெட்டி வெள்ளி இல்லை. ஆனால் செம்போடு வெள்ளித் தகட்டை ஒட்டி உருட்டிய பழைய ஷெஃபீல்டு வேலை என்றால் அதற்கும் மதிப்பு உண்டு.

முத்திரை மேல் 'ஹா' என்று ஊதுங்கள். ஆவி படரும்போது சுற்றிலும் ஒரு பற்றவைப்புக் கோடு தெரிந்தால் சந்தேகப்படுங்கள். அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ் வரியிருந்த 1720–1758 காலத்தில், வரியை மிச்சப்படுத்த, சின்னப் பொருளில் முத்திரை வாங்கி அதை வெட்டிப் பெரிய பாத்திரத்தில் பதித்த பட்டறைகள் உண்டு.

அடுத்து உள்பக்கம். எனக்குப் பிடித்த இடம் இதுதான். வெளியே புடைத்த இலைக்கு உள்ளே குழி இருந்தால் தகட்டைத் தட்டி எழுப்பியது. கை நுழையாத கழுத்துள்ள ஜாடியில் எப்படித் தட்டினார்கள்? இரு முனையும் வளைந்த நீளக் கம்பியின் ஒரு முனையைப் பிடிப்பானில் இறுக்கி, மறுமுனைமேல் ஜாடியைக் கவிழ்த்துப் பிடிப்பார்கள். பிடிப்பானுக்கு அருகே கம்பியில் சுத்தியால் ஒரு தட்டு. உள்ளே இருக்கும் முனை துள்ளி வெள்ளியை வெளியே தள்ளும். பிறகு உள்ளே அரக்கு போன்ற கீலை ஊற்றி இறுகவிட்டு, வெளியிலிருந்து சிற்றுளியால் நரம்பு, விளிம்பு எல்லாம் அழுத்துவார்கள். இதில் வெள்ளி இடம் மாறுமே தவிரக் குறையாது. செதுக்கிய கோட்டிலோ வெள்ளி சீவியே எடுக்கப்பட்டிருக்கும். நகத்தால் வருடினால் கூர்மை தட்டுப்படும்.

சுத்தம் செய்ய வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, பஞ்சுத்துணி போதும். புடைத்த இடங்களுக்கு மட்டும் பாலிஷ், முத்திரைக்கு வேண்டவே வேண்டாம். மரக் கைப்பிடியுள்ளதையும், உள்ளே கீல் அடைத்த மெழுகுவர்த்தித் தாங்கியையும் ஊறவைக்காதீர்கள். கரண்டிகளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். என் கரண்டி ஒன்றின் காம்பில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.