ரெட் ஏல் காய்ச்ச ஹாப்ஸ் தேர்ந்தெடுப்பது எப்படி?

பியருக்குக் கசப்பையும் மணத்தையும் தருவது ஹாப்ஸ் கொடியின் பூக்கள். வீட்டில் பியர் காய்ச்சுவோருக்கான கடைகளில் அவை வகைவகையாக அடுக்கியிருக்கும்; புதியவர்கள் திகைத்து நிற்பார்கள். ரெட் ஏல் என்ற செந்நிறப் பியரைத்தான் காய்ச்சப்போகிறீர்கள் என்றால் வேலை எளிது. இந்தப் பியரில் முதல் மரியாதை மால்ட்டுக்கு, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லிக்கு. அதன் ரொட்டி மணத்தையும் கேரமல் இனிப்பையும் அமுக்காத ஹாப்ஸ் கிடைத்தால் போதும்.

(வீட்டில் பியர் காய்ச்சத் தமிழ்நாட்டில் சட்டம் இடம் தருவதில்லை. பிரிட்டனில் சொந்தத் தேவைக்குக் காய்ச்சத் தடையில்லை. நீங்கள் வாழும் ஊரின் சட்டத்தை முதலில் பார்த்துவிடுங்கள்.)

1. எந்த ரெட் ஏல்?

பியரின் கசப்பை ஐ.பி.யூ என்ற அலகில் அளக்கிறார்கள். ஐரிஷ் ரெட் ஏலுக்கு 18 முதல் 28 வரை இருக்கலாம். ரெட் ஏல் என்றும் அழைக்கப்படும் அமெரிக்க ஆம்பர் ஏல் 25 முதல் 40 வரை போகும். ஐரிஷ் வகைக்கு இங்கிலாந்தின் ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் அல்லது ஃபக்கிள் பொருந்தும். மண்வாசமும் மெல்லிய பூமணமும் கொண்டவை. அமெரிக்க வகைக்கு, 1972இல் ஆரிகனிலிருந்து வெளிவந்த கேஸ்கேட் நல்லது. பம்ளிமாஸ் தோலைக் கிள்ளியதுபோல் மணக்கும். முதல் முறை ஐரிஷ் வகையையே காய்ச்சுங்கள் என்பேன். கோல்டிங்ஸ் ஒன்றை மட்டும் வைத்தே முழுப் பியரையும் முடித்துவிடலாம்.

2. பாக்கெட்டைப் படியுங்கள்

பெயரைவிட முக்கியமானது, பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் ஆல்ஃபா அமிலச் சதவீதம். கசப்பு அதிலிருந்துதான் வருகிறது. கோல்டிங்ஸில் இது ஏறக்குறைய 5. சினூக் என்ற அமெரிக்க ஹாப்ஸில் ஏறக்குறைய 13. ஒரே வகையிலும் அறுவடைக்கு அறுவடை மாறும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். கோல்டிங்ஸ் கிடைக்காத ஒரு நாளில் அதற்குப் போடும் அதே 30 கிராமுக்குச் சினூக் போட்டேன். கசப்பு இரண்டரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. ரெட் ஏலுக்குச் செந்நிறம் தருவது சிறிதளவு வறுத்த பார்லி. அதற்கே ஓர் உலர்ந்த கரகரப்பு உண்டு. இரண்டும் சேர்ந்து நிலவேம்புக் கஷாயம்போல் நாக்கில் நின்றது. மாதக்கணக்கில் வைத்திருந்தும் அது மாறவில்லை.

3. அளவு

20 லிட்டர் பியருக்கு, 5 சதவீத ஆல்ஃபா கொண்ட கோல்டிங்ஸ் 30 கிராமை மால்ட் சாற்றில் 60 நிமிடம் கொதிக்கவிட்டால் சுமார் 18 ஐ.பி.யூ கிடைக்கும். கடைசி 15 நிமிடத்தில் இன்னும் 20 கிராம் சேர்த்தால் மேலும் 6. மொத்தம் 24, ஐரிஷ் ரெட் ஏலுக்கு அளவான கசப்பு.

உங்கள் பாக்கெட்டில் வேறு எண் இருந்தால் ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். 30ஐ 5ஆல் பெருக்கினால் 150. அதை உங்கள் எண்ணால் வகுங்கள். 6 என்றால் 25 கிராம். 13 என்றால் 12 கிராமுக்கும் குறைவு.

4. எப்போது போடுவது?

ஹாப்ஸ் நெடுநேரம் கொதித்தால் அதன் கசப்பு சாற்றில் ஏறும், மணம் ஆவியோடு போய்விடும். ரசத்தை இறக்கும்போது கொத்தமல்லித் தழை தூவுகிறோமே, கடைசியில் போடும் ஹாப்ஸும் அப்படித்தான். முதல் ஹாப்ஸ் விழுந்ததும் பால் பொங்குவதுபோல் நுரை சரசரவென்று மேலேறும். அடுப்பைத் தணித்து, சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள். புளித்து முடிந்த பியரில் ஹாப்ஸ் ஊறவைக்கும் முறையும் உண்டு. ஐரிஷ் வகைக்கு அது வேண்டாம்.

5. மணம் பார்த்தல்

ஹாப்ஸை அரைத்து அழுத்திச் சிறு உருண்டைகளாக விற்பார்கள். போடுவதற்கு முன் இரண்டு உருண்டைகளை உள்ளங்கையில் வைத்துச் சூடேறும்வரை தேயுங்கள். பச்சை மணத்தோடு கையில் பிசின் ஒட்டினால் நல்ல சரக்கு. பழைய பாலாடைக்கட்டி வாடை வந்தாலோ, நிறம் பழுப்பாகியிருந்தாலோ யோசிக்காமல் ஒதுக்கிவிடுங்கள். மிச்சத்தைக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள்; உறைமேல் ஆல்ஃபா எண்ணை எழுதிவைக்க மறக்காதீர்கள்.

வீட்டில் நாய் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. ஹாப்ஸ் நாய்களுக்கு நஞ்சு. தின்றால் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகலாம். கொதித்து வடிகட்டிய சக்கையும் அப்படியே. அதைத் தோட்டத்தில் கொட்டாமல், மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள்.