பழைய ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேனின் ஹெட்லைட்டை வெளிச்சமாக்குவது எப்படி

1967 முதல் 1979 வரை ஜெர்மனியில் தயாரான ஃபோக்ஸ்வாகன் டி2 வேன்கள், அவற்றில் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் கேம்பராக, அதாவது தங்கிப் பயணிக்கும் வேனாக, மாற்றியவையும் சேர்த்து, இன்றும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏராளமாக ஓடுகின்றன. இரவில் ஓட்டுபவர்கள் எல்லோரும் சொல்லும் குறை ஒன்றே: ஹெட்லைட் மங்கல். உடனே அதிக வாட் பல்பையோ எல்.இ.டி. பல்பையோ வாங்கிப் போடத் தோன்றும். பெரும்பாலும் பழுது பல்பில் இல்லை. பல்புக்கு வந்து சேர வேண்டிய வோல்டேஜ் வழியிலேயே தொலைந்துவிடுகிறது.

எச்4 என்பது டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு இழை உள்ள ஹாலஜன் பல்பு; 60/55 வாட். 13.2 வோல்ட் கிடைக்கும்போது பிரைட்டில் சுமார் 1650 லூமன், டிம்மில் சுமார் 1000 லூமன் தர வேண்டும். ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். 13.5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 11.5 மட்டுமே வந்தால், பாதிக்குக் கொஞ்சம் மேலான வெளிச்சம்தான் மிஞ்சும். நிறமும் மஞ்சளடிக்கும்.

இந்த வேனில் பேட்டரி பின்னால், என்ஜின் அறையில். விளக்கு முன்னால். கரண்ட் வண்டியின் முழு நீளத்தையும் கடந்து வந்து, லைட் சுவிட்ச், டிம்-பிரைட் மாற்றும் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் மின்சுவிட்ச்), ஃபியூஸ் பெட்டி எல்லாவற்றையும் தாண்டித்தான் பல்பை அடைகிறது. சில ஆண்டு மாடல்களில் சாவி சுவிட்ச் வழியாகவும் போகிறது. இரண்டு விளக்குக்கும் சேர்த்து 9, 10 ஆம்பியர். ஐம்பது வருடம் பழைய இணைப்புகள் ஒவ்வொன்றும் வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். 'இதில் ஏற்கெனவே ஒரு ரிலே இருக்கிறதே' என்று பலர் குழம்புவதுண்டு. அது டிம்மையும் பிரைட்டையும் மாற்றிக் கொடுக்க மட்டுமே. விளக்குக்கான கரண்ட் அப்போதும் சுவிட்ச் வழியாகத்தான் வருகிறது.

முதலில் அளந்து பாருங்கள்

ஒரு மல்டிமீட்டரும் ஐந்தாறு மீட்டர் நீள வயரும் போதும். என்ஜினை ஓடவிட்டு, சற்றே வேகமாக வைத்து, டிம் விளக்கைப் போடுங்கள். மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை ஹெட்லைட் பிளக்கின் டிம் முனையிலும் வையுங்கள். பிளக் பல்பிலேயே மாட்டியிருக்க வேண்டும், விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும்; கழற்றிவிட்டு அளந்தால் எந்த வீழ்ச்சியும் தெரியாது. மீட்டர் காட்டும் எண்ணே வழியில் தொலைந்த வோல்டேஜ். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் ரிலே வேலை தேவையில்லை. ரெஃப்லெக்டரைப் பாருங்கள், கோணத்தைச் சரிசெய்யுங்கள். 1 வோல்ட்டுக்கு மேல் போனால் கீழே சொல்லும் வேலை பலன் தரும்.

அடுத்து எர்த், அதாவது கரண்ட் பாடி வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி. பேட்டரி மைனஸுக்கும் பிளக்கின் பழுப்பு வயருக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. எர்த் கெட்டிருந்தால் ஒரு விசித்திர அறிகுறி தெரியும்: டிம் போட்டிருக்கும்போதே டாஷ்போர்டில் பிரைட்டைக் காட்டும் நீல விளக்கு லேசாக மினுங்கும், ஒரு பக்கத்து விளக்கில் இரண்டு இழையும் சேர்ந்து மங்கலாக எரியும். நேர்வழி கிடைக்காத கரண்ட் இன்னொரு இழை வழியாக எர்த்தைத் தேடிப் போகிறது. இதைப் பார்த்துவிட்டு சுவிட்சை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

சுத்தம் செய்வதிலேயே பாதி வேலை முடியும்

பேட்டரி எர்த் வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஃபியூஸ் பெட்டியில் இருப்பவை இரு முனையும் கூரான பழைய வகை ஃபியூஸ்கள். வெள்ளை 8 ஆம்பியர், சிவப்பு 16 ஆம்பியர். ஒவ்வொரு விளக்கின் ஒவ்வொரு இழைக்கும் தனி 8 ஆம்பியர் ஃபியூஸ். எச்4 பல்பின் ஓர் இழை 5 ஆம்பியர்தான் எடுக்கும், ஆகவே ஃபியூஸ் அளவை உயர்த்த வேண்டாம். பிளாஸ்டிக் உடலும் அலுமினியப் பட்டையும் கொண்ட ஃபியூஸ் சூட்டில் இளகி, பிடி தளர்ந்துவிடும். பீங்கான் உடலும் செம்புப் பட்டையும் உள்ளதை வாங்குங்கள். பிடிக்கும் தகடுகளை நுண்ணிய எமரித் தாளால் தேய்த்து, உள்பக்கமாக லேசாக வளைத்து இறுக்குங்கள். பிறகு விளக்கு எரியும்போது ஃபியூஸின் இரு முனைக்கும் இடையே அளந்தால் 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

எர்த் வயர் பாடியில் பிடிக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி வெறும் தகட்டைக் காட்டி, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.

ரிலே போடுவது

கடையில் விற்கும் ஆயத்த எச்4 வயரிங் கிட் இந்த வேனுக்குச் சரிவராது. பேட்டரி பானட்டுக்குள் இருக்கும் கார்களுக்காகச் செய்தது. பேட்டரிக்குப் போகும் வயர் ஒரு மீட்டர்கூட இருக்காது. அதை வாங்கி நீட்டுவதைவிட, டிம்-பிரைட் ரிலேக்கும் ஃபியூஸ் பெட்டிக்கும் நடுவில் இரண்டு ரிலேக்களை நுழைப்பதே நல்லது. பழைய வயர் எதையும் வெட்ட வேண்டாம், வேண்டாமென்றால் பத்து நிமிடத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

வேண்டியவை: 12 வோல்ட், 30 அல்லது 40 ஆம்பியர், நான்கு கால் ரிலே இரண்டு, அவற்றுக்கான சாக்கெட் இரண்டு, 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸும் ஹோல்டரும் இரண்டு செட், 2.5 சதுர மி.மீ. சிவப்பு வயர் 3 மீட்டர்; 1 சதுர மி.மீ. பழுப்பு வயர் 1 மீட்டர், 6.3 மி.மீ. லக்குகள் (வயர் நுனியில் அழுத்திப் பிடிக்கும் உலோக முனைகள்), எர்த்துக்கு வளைய லக், ஹீட் ஷ்ரிங்க் குழாய். இரண்டு ரிலேக்கும் ஒரே ஃபியூஸ் போட்டுவிடாதீர்கள். அது போனால் நட்டநடு ராத்திரியில் டிம்மும் இல்லை, பிரைட்டும் இல்லை. லக்குகளை நல்ல கிரிம்ப் கருவியால் அழுத்துங்கள். சாதாரணக் குறட்டால் நசுக்கினால் ஆறு மாதத்தில் அதுவே புது வீழ்ச்சி.

1. ரிலேயின் ஒவ்வொரு முனைக்கும் ஓர் எண் உண்டு. டிம்-பிரைட் ரிலேயின் 56பி முனையிலிருந்து ஃபியூஸ் பெட்டிக்குப் போகும் மஞ்சள் வயர் டிம்முக்கானது. 56ஏ முனையின் வெள்ளை வயர் பிரைட்டுக்கானது. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். இத்தனை வருடத்தில் எத்தனை கை பட்டதோ. டெஸ்ட் லாம்ப் வைத்து உறுதி செய்து, ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. மஞ்சள் வயரை ஃபியூஸ் பெட்டியிலிருந்து உருவி, முதல் புது ரிலேயின் 86-இல் செருகுங்கள். வெள்ளை வயரை இரண்டாவது ரிலேயின் 86-இல்.

3. இரண்டு ரிலேயின் 85 முனைகளையும் பழுப்பு வயரால் சுத்தமான எர்த்துக்குக் கொண்டுபோங்கள். உள்ளே டயோடு உள்ள ரிலே என்றால் 86 பிளஸ், 85 மைனஸ் என்பது மாறக் கூடாது; மாறினால் டயோடு எரிந்துவிடும்.

4. ஒவ்வொரு ரிலேயின் 87-இலிருந்தும் 2.5 சதுர மி.மீ. வயரை, மஞ்சளும் வெள்ளையும் முன்பு இருந்த அதே ஃபியூஸ் பெட்டி முனைகளுக்குக் கொடுங்கள். இடது, வலது விளக்குகளின் இரண்டு ஃபியூஸும் அந்தப் பக்கத்தில் உலோகத் தகட்டால் இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு சிறு இணைப்பு வயர் தேவை.

5. 30 முனைகளுக்கு, 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக, ஃபியூஸ் பெட்டிக்குள் பின்னாலிருந்து வரும் தடித்த சிவப்பு வயரின் முனையிலிருந்து கரண்ட் எடுங்கள்.

இனி லைட் சுவிட்ச் சுமப்பது ரிலே காயில்கள் இழுக்கும் கரண்டை மட்டுமே, ஒவ்வொன்றுக்கும் 0.15 ஆம்பியர் அளவு. சுவிட்சின் ஆயுளும் கூடும். நீல விளக்கும், முன்னே போகிறவருக்குப் பிரைட் அடித்துக் காட்டுவதும் பழையபடியே வேலை செய்யும்.

மறுபடி அளந்து பாருங்கள். இன்னும் அரை வோல்ட்டுக்கு மேல் தொலைகிறது என்றால், பேட்டரி பிளஸ்ஸுக்கும் 5-ஆம் படியில் சொன்ன தடித்த சிவப்பு முனைக்கும் இடையே அளக்கவும். வீழ்ச்சி அங்கேயென்றால், ரிலேக்களுக்கென்று பேட்டரியிலிருந்து 6 சதுர மி.மீ. வயர் ஒன்றைத் தனியாக இழுப்பதே வழி. 6 மீட்டர் நீளத்தில் 10 ஆம்பியருக்கு இதில் 0.2 வோல்ட்தான் குறையும். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வைக்காமல் இந்த வயரை இழுக்கவே கூடாது. வண்டிக்கு அடியில் தகட்டில் உரசி இன்சுலேஷன் போனால், பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்திலேயே நெருப்பு.

விளக்கு வாங்கும்போது

டி2-வின் விளக்கு 7 அங்குல வட்டம். அம்பாசடர், ராயல் என்ஃபீல்டு புல்லட் ஆகியவற்றின் விளக்கும் இதே அளவுதான். ஆனால் பின்பக்கம் பிடிக்கும் முறை வேறுபடும். அமெரிக்காவிலிருந்து வந்த வேனில் பல்பும் கண்ணாடியும் ஒரே துண்டான சீல்டு பீம் இருக்கும். அதைப் பிடிக்கும் வளையத்தில் மூன்று காது உள்ள எச்4 விளக்கு அப்படியே உட்காரும். ஐரோப்பிய விளக்கில் 4 வாட் பார்க்கிங் பல்புக்கு ரெஃப்லெக்டரில் ஓர் ஓட்டை உண்டு. உங்கள் வண்டியில் அது பயன்படாதென்றால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் புகுந்து வெள்ளிப்பூச்சு கறுத்துவிடும்.

பழைய ஐரோப்பிய விளக்குகளில் 45/40 வாட் பல்பு, பி45டி அடிப்பாகத்துடன் வரும். எச்4-இன் அடிப்பாகம் பி43டி; பழைய ரெஃப்லெக்டரில் பொருந்தாது. பி45டி அடியில் ஹாலஜன் பல்பு விற்கிறார்கள்தான். ஆனாலும் ரெஃப்லெக்டர் வேறு இழைக்காக வார்த்தது. எச்4 விளக்கையே முழுதாக மாற்றுவது மேல்.

கண்ணாடியில் உள்ள குறிகளைப் படியுங்கள். வட்டத்துக்குள் ஈ எழுத்தும் எண்ணும் ஐரோப்பிய அனுமதி, எச்.சி.ஆர். என்றால் ஹாலஜன், டிம்மும் பிரைட்டும் உண்டு. விளக்கை எதிரே நின்று பார்க்கும்போது உங்கள் வலப்பக்கம் காட்டும் அம்பு இருந்தால் அது இடதுபக்கம் ஓட்டும் நாடுகளுக்கு, அதாவது பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும். அம்பே இல்லையென்றால் வலதுபக்கம் ஓட்டும் நாடுகளுக்கு. மாற்றிப் போட்டால் டிம் வெளிச்சத்தின் உயர்ந்த பகுதி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். திருகைத் திருப்பி இதைச் சரிசெய்ய முடியாது.

100/90 வாட் பல்பு வேண்டவே வேண்டாம். பிளக் உருகும், ரெஃப்லெக்டர் பூச்சு பொரியும். தொடக்க ஆண்டுகளின் 12 வோல்ட் டைனமோ மொத்தமாகக் கொடுப்பதே 30, 38 ஆம்பியர்தான். ஐட்லிங்கில் அதுவும் இல்லை. எல்.இ.டி. பல்பைப் பொறுத்தவரை, ஒளி பிறக்கும் இடம் இழை இருக்கும் இடத்தில் துல்லியமாக அமையாவிட்டால் வெளிச்சம் சிதறி எதிரில் வருபவரைக் கூசவைக்கும், உங்களுக்குத் தூரம் தெரியாது. வண்டி ஓட்டத் தகுதியானதா என்று பார்க்கும் பிரிட்டனின் எம்.ஓ.டி. சோதனை விதிப்படி, 1986 ஏப்ரல் 1 முதல் பயன்பாட்டுக்கு வந்த வண்டிகளின் ஹாலஜன் விளக்கில் எல்.இ.டி. பல்பு போடக் கூடாது. டி2 அதற்கு முந்தையது என்பதால் அந்த விதிக்குள் வராது. அதற்காகப் போடலாம் என்று பொருளில்லை.

1966 ஆகஸ்டுக்கு முந்தைய வேன்கள் பெரும்பாலும் 6 வோல்ட். அவற்றுக்கு 6 வோல்ட் எச்4 பல்பும் ரிலேயும் தனியாக உண்டு. அதே வாட்டுக்குக் கரண்ட் இரட்டிப்பு, ஆகவே வயர் இன்னும் தடிப்பாக வேண்டும்.

மாட்டுவதும் திருப்புவதும்

குரோம் வளையத்தின் கீழே ஒரு திருகு. அதைக் கழற்றி வளையத்தை மேல்நோக்கி எடுங்கள். கோணம் மாற்றும் இரண்டு திருகுகளை இப்போது தொடாதீர்கள். கிண்ணத்துக்குள் துருவைச் சுத்தம் செய்து, வயர் நுழையும் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். மழைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் உள்ளே வரும். ரெஃப்லெக்டரைத் துணியால்கூடத் துடைக்க வேண்டாம், பூச்சு கையோடு வந்துவிடும். பல்பின் கண்ணாடியை விரலால் தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடையுங்கள். விளக்கில் மேல்பக்கக் குறி மேலேயே இருக்கட்டும்.

கோணம் சரிசெய்யச் சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். டயரில் சரியான காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதற்கு 5 செ.மீ. கீழே சுவரில் ஒரு கோடு போடுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டில் நிற்க வேண்டும், அது 1 சதவீதச் சரிவு. கேம்பரில் பயணத்துக்குத் தண்ணீர், கேஸ், சாமான் எல்லாம் ஏற்றியதும் பின்புறம் அமுங்கி மூக்கு தூக்கும். அதனால் சாமான் ஏற்றிய நிலையிலேயே இதைச் செய்யுங்கள்.

கடைசியாக, விளக்கை அரை மணி நேரம் எரியவிட்டு அணைத்துவிட்டு, பேட்டரி எர்த்தைக் கழற்றி, ஃபியூஸ், ரிலே சாக்கெட், பிளக் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரல் பொறுக்காத சூடு இருக்கும் இணைப்பைப் பிரித்து மறுபடி கிரிம்ப் செய்யுங்கள். ஒரு ரிலே, இரண்டு 15 ஆம்பியர் ஃபியூஸ், நான்கு 8 ஆம்பியர் ஃபியூஸ், ஒரு எச்4 பல்பு ஆகியவற்றை உதிரியாக வண்டியிலேயே வைத்திருங்கள்.