பணி ஓய்வுக்குப் பின் வாழ்வின் நோக்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் அரசு ஊழியர் ஒருவர் ஓய்வு பெறும் நாள் மாதத்தின் கடைசி நாளாகத்தான் இருக்கும். அன்று மாலை அலுவலகத்தில் மாலையும் சால்வையும் போடுவார்கள். இனிப்பும் காரமும் காபியும் வழங்கப்படும். உடன் பணியாற்றியவர்கள் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசிவிட்டு, வண்டியில் வீடு வரை கொண்டுவந்து விட்டுச் செல்வார்கள். மறுநாள் முதல் தேதி. முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளாகக் காலை எட்டு மணிக்குள் குளித்து, டிபன் பாக்ஸோடு கிளம்பிப் பழகிய மனிதர் அன்றும் அதே நேரத்துக்குக் குளித்துவிட்டு, போவதற்கு இடமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். திருமணம், பிள்ளைப்பேறு, இடமாற்றம், பதவி உயர்வு என்று அவர் முன்பு கடந்துவந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு புதிய கடமையைக் கையில் கொடுத்தன. பணி ஓய்வோ கையில் இருந்ததை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறது.

ஓய்வு பெறும் வயது 2020இல் 58இலிருந்து 59ஆகவும், 2021இல் 60ஆகவும் உயர்த்தப்பட்டது. அதற்குப் பிறகும் பலருக்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் நல்ல நடமாட்டத்தோடு வாழக் கிடைக்கின்றன. இவ்வளவு நீண்ட காலத்துக்கு நாம் செய்யும் ஆயத்தமெல்லாம் காகிதத்தில்தான் இருக்கிறது. ஓய்வூதியக் கருத்துருவை உரிய காலத்தில் மாநிலக் கணக்காயருக்கு அனுப்புகிறோம். பணிக்கொடை, விடுப்புச் சம்பளம், ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகப் பெறும் கம்யூட்டேஷன் எல்லாவற்றுக்கும் பைசா பிசகாமல் கணக்குப் போடுகிறோம். நாளைக் காலை எதற்காக எழுந்திருப்பது என்பதற்கு மட்டும் கருத்துரு எதுவும் தயாராவதில்லை. நான் ஓய்வு பெற்றபோதும் அப்படித்தான் இருந்தேன் என்பதால், குறை சொல்லும் தொனியில் இதை எழுதவில்லை.

இந்தக் கட்டத்தில் பலரும் செய்யும் முதல் தவறு, வேறு பல தவறுகளுக்கும் வேராக இருப்பது, பதவியையும் பணியையும் ஒன்றாக நினைப்பது. தலைமையாசிரியர் என்பது பதவி. படிக்கத் திணறும் பிள்ளைக்குப் புரியும்படி ஒன்றை எடுத்துச் சொல்வது பணி. ஓய்வு உத்தரவு முதலாவதை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. ஆனால் இரண்டும் இத்தனை ஆண்டுகளாக ஒரே நாற்காலியில் அமர்ந்திருந்ததால், நாற்காலி போனதும் எல்லாமே போய்விட்டதாக மனம் எண்ணிக்கொள்கிறது. அதன் பிறகு சிலர், பெயருக்குப் பின்னால் பழைய பதவியை அடைப்புக்குறிக்குள் எழுதிக்கொண்டு, பழைய அலுவலகத்துக்கே அடிக்கடி போய் உட்கார்ந்து, பழைய மரியாதை குறைந்துவிட்டதே என்று வருந்துகிறார்கள். வேறு சிலர் இதுவரை செய்ததற்குத் துளியும் தொடர்பில்லாத ஒரு புத்தம்புதிய நோக்கத்தை எங்கேயோ தேடிக் களைத்துப் போகிறார்கள்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமியின் வாழ்க்கையை இந்த இடத்தில் நிதானமாகப் பார்ப்பது பயன்தரும். 1918இல் பிறந்த அவர் மகப்பேறு மருத்துவராக விரும்பியவர். ராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றிய காலத்தில் கடுமையான முடக்குவாதம் தாக்கியதால் 1948இல் அங்கிருந்து விடுவிக்கப்பட்டார். விரல்கள் கோணிப்போன நிலையில் மகப்பேறு மருத்துவம் கைகூடாது என்றானதும் கண் மருத்துவத்துக்கு மாறி, அதே விரல்களைப் பழக்கி அறுவைச் சிகிச்சைக் கருவிகளைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு அரசுப் பணியில் மதுரையில் கண் மருத்துவத் துறைக்குத் தலைமை வகித்துக்கொண்டே கிராமங்களில் கண் சிகிச்சை முகாம்களை நடத்திவந்தார். 1976இல், 58 வயதில், விதிப்படி ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் தம் உடன்பிறந்தவர்களின் துணையோடு 11 படுக்கைகள் கொண்ட சிறிய கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று உலகெங்கும் பேசப்படும் நிறுவனத்தின் ஆரம்பம் அதுதான்.

இந்தக் கதையை மேடைகளில் சொல்பவர்கள் பெரும்பாலும், ஓய்வுக்குப் பிறகும் சாதிக்கலாம் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கோ அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. 1976இல் அவர் புதிய நோக்கம் எதையும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. கண்புரையால் பார்வை இழந்த ஏழைகளுக்குப் பார்வையைத் திருப்பித் தருவது என்ற நோக்கம் அரசுப் பணிக்காலத்து முகாம்களிலேயே அவரிடம் இருந்தது. ஓய்வு அதன் கூரையை மட்டும் மாற்றியது. ஆகவே, ஓய்வு பெற்றவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, “இனி என்ன செய்யலாம்?” என்பதற்கு முன்னால், “இத்தனை நாள் செய்ததில் சம்பளம் இல்லாவிட்டாலும் எதைச் செய்திருப்பேன்?” என்பதாக இருக்க வேண்டும். கோப்புகளுக்கு நடுவே தம்மைத் தேடி மனுவோடு வந்தவர்களிடம் பொறுமையாகப் பேசியதுதான் பிடித்திருந்தது என்று ஒருவர் உணரலாம். வண்டியின் எஞ்சினைப் பிரித்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் அந்த நேரம்தான் பிடித்திருந்தது என்று பணிமனையில் வேலை செய்த இன்னொருவர் உணரலாம். விடை அவரவர் வேலைக்குள்ளேயே புதைந்திருக்கிறது.

இப்படிப் பெரிய எடுத்துக்காட்டுகளைச் சொல்வதில் ஓர் ஆபத்தும் உண்டு. நோக்கம் என்றால் அது மருத்துவமனை அளவுக்குப் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணி, அந்த அளவுக்கு எதுவும் தென்படாதவர்கள் தங்களுக்கு நோக்கமே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஜப்பானின் ஒசாகி பகுதியில் 40 முதல் 79 வயது வரையிலான 43,391 பேரிடம், வாழ்வில் ‘இகிகாய்’ உண்டா என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, ஏழு ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. இல்லை என்று சொன்னவர்களிடையே இறப்பு விகிதம் கூடுதலாக இருந்தது. நோயும் மனச்சோர்வும்கூட ஒருவரை ‘இல்லை’ என்று சொல்ல வைக்கலாம் என்பதால், நோக்கம் இருந்தால் ஆயுள் நீளும் என்று இதிலிருந்து நேராக முடிவுசெய்துவிடக் கூடாது. நாம் கவனிக்க வேண்டியது அந்தச் சொல்லை. ஜப்பானியர் வழக்கில் அது வாழ்வதற்குரிய பிடிப்பைக் குறிக்கிறது. தோட்டத்துச் செடிக்கும் பேரக்குழந்தையின் வருகைக்கும் கூட அது பொருந்தும். உண்டு என்று சொன்னவர்களில் யாரிடமும் அது எவ்வளவு பெரிது என்று அந்த ஆய்வு அளந்து பார்க்கவில்லை.

அடுத்த தவறு அவசரம். ஓய்வு பெற்ற முதல் சில மாதங்களில் ஒரு தேனிலவு மனநிலை இருக்கும் என்றும், அதன் பின் ஏமாற்றமும் வெறுமையும் வந்து, பிறகுதான் மனம் மறுபடி ஒரு திசைக்கு வரும் என்றும் அமெரிக்க முதுமையியல் அறிஞர் ராபர்ட் ஆட்ச்லி 1970களிலேயே விளக்கினார். எல்லோரும் இதே வரிசையில்தான் போவார்கள் என்பதில்லை. ஆனாலும் தேனிலவிலோ வெறுமையிலோ இருக்கும்போது எடுக்கும் முடிவுகள்தான் பின்னால் திருத்த முடியாதவையாக அமைகின்றன. ஊர் வீட்டை விற்றுவிட்டு மகன் இருக்கும் நகரத்தில் அடுக்ககம் வாங்குவது, பணிக்கொடை முழுவதையும் உறவினரின் தொழிலிலோ, வங்கியைவிட இரண்டு மடங்கு வட்டி தருவதாகச் சொல்லும் நிதி நிறுவனத்திலோ போடுவது ஆகிய இரண்டையும் முதல் ஓராண்டுக்குத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதுவரை பணத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் வைக்கலாம். அதில் 30 லட்சம் ரூபாய் வரை போட முடியும், வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும். நகரத்து வீட்டில் மூன்று மாதம் விருந்தாளியாகத் தங்கிப் பார்த்தாலே, அங்கே தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத பகல்பொழுது எத்தனை நீளமானது என்பது விளங்கிவிடும்.

வீட்டுக்குள் நடக்கும் தவறுகளைப் பற்றி ஆண்கள் அதிகம் பேசுவதில்லை. அலுவலகம் இல்லாமல் போனதும் வீட்டையே அலுவலகமாக்கி, கீரை என்ன விலை, மின்விசிறி ஏன் சும்மா ஓடுகிறது, மருமகள் எத்தனை மணிக்கு வந்தாள் என்று மேற்பார்வை பார்க்கத் தொடங்குகிறார்கள். முப்பது ஆண்டுகளாக அந்த வீட்டை நடத்திய மனைவிக்குத் திடீரென்று ஒரு மேலதிகாரி வந்து சேர்ந்துவிடுகிறார். பேரப்பிள்ளைகளையே முழு நோக்கமாக்கிக்கொள்வதும் இதைப் போன்றதுதான். அந்த அன்பில் பிழையில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பத்து வயதாகி, தாத்தாவைவிட நண்பர்கள் முக்கியமாகும்போது, நமக்கு இன்னொரு ஓய்வு உத்தரவு வந்து சேரும்.

பெண்களின் நிலை வேறு. ஓய்வு பெற்ற ஆசிரியைக்குப் பள்ளி முடிகிறதே தவிர சமையலறை முடிவதில்லை. “இனி வீட்டில்தானே இருப்பீங்க” என்ற ஒரே வாக்கியத்தில் பேரக்குழந்தையும், நோயுற்ற மாமியாரும், மகளின் பிரசவமும் அவர் பொறுப்பில் வந்து சேர்ந்துவிடுகின்றன. இந்த வேலைகளில் எதைத் தாமாக விரும்பி ஏற்கிறோம், எது தானாக நம் தலையில் விழுகிறது என்று பிரித்துப் பார்க்காமல் இருப்பதுதான் அவர்கள் தவிர்க்க வேண்டிய தவறு. வாரத்தில் இரண்டு மாலைகள் தமக்கு என்று முதல் மாதத்திலேயே சொல்லிவிடுவது எளிது. மூன்றாம் ஆண்டில் சொன்னால் அது சண்டையாகிவிடும்.

வெறுமைக்குப் பயந்து கோயில் திருப்பணிக் குழு, குடியிருப்போர் சங்கம், ஓய்வூதியர் சங்கம் என்று கிடைத்த பொறுப்பையெல்லாம் வாங்கிக்கொள்பவர்களும் உண்டு. நாள் நிரம்பிவிடும், மனம் நிரம்பியதா என்று பார்க்க நேரம் இருக்காது. அதே வேளையில், எல்லாச் சோர்வையும் நோக்கமின்மை என்று எண்ணிக்கொள்வதும் தவறு. தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் ஈடுபாடு இல்லாத நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

எனக்குத் தெரிந்த வருவாய்த் துறை நண்பர் ஒருவர் ஓய்வு பெற்ற ஆறாவது மாதம், பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று யோசித்தார். சங்கம் தொடங்கவில்லை, பலகை மாட்டவில்லை. மூன்று மாதம் செய்துபார்ப்பது, பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடுவது என்று மட்டும் மனைவியிடம் சொல்லிவிட்டு, செவ்வாயும் வெள்ளியும் காலையில் நூலகத்து வாசல் திண்ணையில் போய் உட்கார்ந்தார். முதல் செவ்வாயன்று ஒருவரும் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு பாட்டி வந்தார். அவரும் விண்ணப்பத்துக்காக வரவில்லை, வங்கியிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்ல ஆள் தேடி வந்திருந்தார். நண்பர் படித்துச் சொன்னார். இது நான்காவது ஆண்டு. இப்போதெல்லாம் அந்த இரண்டு நாட்களிலும் காலையில் அவரை போனில் பிடிக்க முடிவதில்லை.