கன உலோகங்கள் பயிரில் ஏறாமல் காப்பது எப்படி?

பூச்சிக்கொல்லி எச்சம் நாளடைவில் பெரும்பாலும் சிதைந்துவிடும். காட்மியம், ஈயம், ஆர்சனிக் ஆகிய கன உலோகங்களோ தனிமங்கள் என்பதால் மண்ணில் சிதைவதுமில்லை, கொதிக்கும் உலையில் அழிவதுமில்லை. ஆகவே விதைப்பதற்கு முன்பே பாதுகாப்பு வேலையின் பெரும்பகுதி முடிந்திருக்க வேண்டும்.

முதலில் நிலத்தின் பழைய கதையை விசாரியுங்கள். அருகில் மின்கலம் உடைக்கும் தொழிலோ உலோக முலாம் பூசும் பட்டறையோ இருந்ததா, ஆலைக் கழிவுநீர் பாய்ந்ததா என்று கேட்டறிந்தபின், 10 முதல் 15 இடங்களில் ஏறத்தாழ 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். துருப்பிடித்த கருவிகளைத் தவிர்ப்பது நல்லது. வழக்கமான மண் பரிசோதனை தழை, மணி, சாம்பல் சத்துகளோடு நின்றுவிடும் என்பதால், கன உலோகங்களையும் பாசன நீரையும் சோதிக்கும்படி தனியாகக் கேட்க வேண்டும்.

அமில மண்ணில் காட்மியம் எளிதில் கரைந்து வேருக்குக் கிடைத்துவிடுகிறது. சுண்ணாம்பு இட்டு, மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் மதிப்பை 6.5 முதல் 7 வரை நிறுத்தினால், அதன் பெரும்பகுதி மண்துகள்களோடு ஒட்டிக்கொள்ளும். மக்கிய தொழுவுரமும் துணைசெய்யும். ஆனால் ஆர்சனிக் உள்ள மண்ணில் இதே சுண்ணாம்பு அதனை இளக்கிவிடக்கூடும் என்பதால், ஆய்வறிக்கை கைக்கு வருமுன் எதையும் இடாதீர்கள்.

நெல்லில் சிக்கல் இன்னும் கூடுதல். வயலில் நீர் தேங்கி நிற்கும்போது மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடுகள் கரைந்து, அவற்றோடு ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் வெளிப்படுகிறது. சிலிக்காவை உறிஞ்சும் வழியாகவே பயிர் அதனையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் நிர்வகித்தால் ஆர்சனிக் குறையும், ஆனால் மண் காயும் நாட்களில் காட்மியம் ஏறும். இரண்டில் எது தம் வயலில் மிகுதி என்று அறியாமல் நீர்முறையை மாற்றுவது, என் பார்வையில், கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

ஈயம் பெரும்பாலும் வேரைத் தாண்டி மேலே ஏறுவதில்லை; கீரையில் காணப்படும் ஈயத்தில் பெரும்பங்கு இலைமேல் படிந்த மண்தூசியே. எனவே ஐயமுள்ள நிலத்தில் கீரையையும் கிழங்கையும் விடுத்துத் தக்காளி, அவரை போன்ற காய்களைப் பயிரிடலாம். தூசி எழாமல் மூடாக்கு இடலாம். கிழங்கைத் தோல்சீவுவதும் கீரையைப் பலமுறை அலசுவதும் வெளியே ஒட்டியதை நீக்குமே தவிர, உள்ளே ஏறியதை நீக்காது.

அரிசி மட்டும் சற்று விதிவிலக்கு. ஒரு பங்கு அரிசிக்கு ஆறு முதல் பத்துப் பங்கு தூய நீர் வைத்து வடித்தால், ஆர்சனிக்கின் நஞ்சு மிகுந்த வடிவமான கனிம ஆர்சனிக்கில் சுமார் 40 முதல் 60 சதவீதம் வரை நீரோடு போய்விடும். அதனோடு சில உயிர்ச்சத்துகளும் போகும். நீரிலேயே ஆர்சனிக் இருந்தால் இம்முறையால் பயனில்லை.

விளைச்சலைச் சோதிக்கும்போது மொத்த ஆர்சனிக்கோடு நில்லாமல், கனிம ஆர்சனிக்கையும் தனியே அளக்கச் சொல்லுங்கள். கோடெக்ஸ் எனும் பன்னாட்டு உணவுத் தர அமைப்பின் வரம்பின்படி பட்டைதீட்டிய அரிசியில் கனிம ஆர்சனிக் கிலோவுக்கு 0.2 மி.கி., காட்மியம் 0.4 மி.கி. அளவைத் தாண்டக் கூடாது.