அக்லோனிமா: வேர் அழுகாமல் வளர்க்கும் முறை

வீட்டுக்குள் வைக்கும் அக்லோனிமா செடி தண்ணீர் இல்லாமல் சாவது அபூர்வம். பெரும்பாலும் வேர் அழுகித்தான் போகிறது. தென்கிழக்கு ஆசியக் காடுகளில், மர நிழலில், சருகு மக்கிய பொலபொலப்பான மண்ணில் வளர்கிற இனம் இது. நர்சரியிலிருந்து வரும்போதோ பெரும்பாலும் பிசுபிசுப்பான செம்மண்ணிலோ, இறுக்கி அடைத்த வெறும் கோகோபீட்டிலோ (தேங்காய் நார்த்தூள்) இருக்கும். திறந்த நர்சரியின் காற்றோட்டத்தில் அது தாக்குப்பிடிக்கும். வீட்டு ஹாலில் அதே மண் பத்து நாளானாலும் காயாது.

வாங்கி வந்ததும் ஒரு வாரம் புது இடத்துக்குப் பழகட்டும். பிறகு மண்ணை மாற்றுங்கள். கோகோபீட் 2 பங்கு, பெர்லைட் (எரிமலைப் பாறையைப் பொரித்த, எடையில்லாத வெள்ளைக் குருணை) 1 பங்கு, பட்டாணி அளவுக்கு உடைத்த அடுப்புக்கரி 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. கோகோபீட்டில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்துவிட்டே சேர்க்க வேண்டும். பெர்லைட் கிடைக்காவிட்டால் பொடி போகச் சலித்த பருமணல் போதும். ஈரக் கலவையை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து, விரலால் தட்டினால் உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் பெர்லைட்டைக் கூட்டுங்கள்.

தொட்டி, வேர்க்கட்டியைவிட 1 அங்குலம் மட்டும் அகலமாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். அழுகல் அங்கேதான் தொடங்கும். அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் ஈரம் தங்கும் மட்டம் வேருக்குப் பக்கத்தில் ஏறுவதுதான் மிச்சம். ஓட்டை இல்லாத பீங்கான் தொட்டிதான் வேண்டுமென்றால், பிளாஸ்டிக் தொட்டியோடு அதற்குள் இறக்கி வையுங்கள்.

வாரத்துக்கு எத்தனை தடவை தண்ணீர் என்று கேட்டால் பதில் இல்லை. விரலை 2 அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்கு வேண்டாம். ஊற்றினால் அடியில் வடியும்வரை ஊற்றி, கால் மணி நேரம் கழித்துத் தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். குருத்துக்குள் தண்ணீர் தேங்கக்கூடாது.

இலை நுனி பழுப்பாகக் கருகி, மண் மேல் வெள்ளைப் படிவமும் தெரிந்தால் அது போர் தண்ணீரின் உப்பு. மழைநீரோ குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரோ கொடுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரைச் செடிகளுக்கு ஊற்றும் வழக்கம் உண்டு. பிரிந்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கும், இதற்கு வேண்டாம்.

கிழக்கு ஜன்னலிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி வைத்தால் வெளிச்சம் சரியாக இருக்கும். பச்சை ரகங்கள் மங்கலான மூலையிலும் பிழைக்கும். சிவப்பு, இளஞ்சிவப்பு ரகங்களுக்கு வெளிச்சம் குறைந்தால் புது இலை பச்சையாகவே வரும். உச்சி வெயில் பட்டால் எந்த ரகமும் வெளுத்துக் கருகும். உரம் அதிகம் கேட்காது: தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரம் லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம், மாதம் ஒருமுறை, ஈரமண்ணில்.

அடி இலை ஒன்று மட்டும் மஞ்சளானால் வயசுதான், விட்டுவிடுங்கள். மண் ஈரமாக இருக்கும்போதே செடி துவண்டு, நாலைந்து இலைகள் சேர்ந்து பழுத்தால் உடனே வெளியே எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில் விறைப்பாக இருக்கும். அழுகிய வேரைப் பிடித்து இழுத்தால் தோல் மட்டும் கையோடு வரும், நாற்றமும் அடிக்கும். அவற்றை நறுக்கிவிட்டு, சில மணி நேரம் நிழலில் உலர்த்தி, சின்னத் தொட்டியில் புதுக் கலவையில் வையுங்கள். தண்டின் அடியே கொழகொழத்துவிட்டால் வேரைக் காப்பாற்ற முடியாது. கெட்டியான பகுதிவரை வெட்டி, 4 முதல் 6 அங்குல நுனித் தண்டைத் தண்ணீரில் நிறுத்துங்கள். கணு ஒன்றாவது தண்ணீருக்குள் இருக்கட்டும். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை தண்ணீரை மாற்றி, வேர் 2 அங்குலம் நீண்டதும் மண்ணுக்கு மாற்றலாம்.

வெட்டும்போது கையுறை போடுங்கள். சேப்பங்கிழங்கின் குடும்பம்தான் இது. சாறு பட்டால் அதே அரிப்புதான். இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும் என்பதால் தவழும் குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.