ஆள் குறைந்தால் சராசரி ஏறும்: வாழ்க்கைத் தரக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற ஊரில், டயாலிசிஸ் நோயாளிகளிடம் வாழ்க்கைத் தரம் பற்றி ஆறு மாதத்துக்கு ஒருமுறை விசாரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேரின் மதிப்பெண் 80, 70, 60, 30, 20. சராசரி 52. அடுத்த சுற்றில் கடைசி இருவர் இல்லை, மற்றவர்களிடம் மாற்றமில்லை. சராசரி 70! யாருக்கும் இம்மியளவுகூடத் தேறவில்லை. மிஞ்சியவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது.

அந்த இருவர் எங்கே? ஒருவர் கிள்ளானில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இன்னொருவர் கையில் ஊசியோடு படுத்திருக்கிறார்; தாதி கேள்வியை வாசித்தால், “அடுத்த தடவை பார்க்கலாம்மா” என்று கண்ணை மூடிக்கொள்கிறார். கோப்பில் இரண்டுமே காலிக் கட்டம்தான். 1976-இல் புள்ளியியலாளர் டொனால்டு ரூபின் விடுபட்ட தரவுகளை வகைப்படுத்தியது இங்கேதான் உதவும். எதையும் சாராமல் விடுபடுவது ஒன்று, ஏற்கெனவே பதிவானவற்றைக் கொண்டு விளக்கக்கூடியது ஒன்று, கிடைக்காத அந்த மதிப்பெண்ணையே சார்ந்தது ஒன்று. கண்ணை மூடியவர் பெரும்பாலும் மூன்றாவது வகை. கிள்ளான் போனவரும், தனியாகச் சமாளிக்க முடியாமல் போயிருந்தால், அதே கதைதான். தரவை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அதனால் போன் போட்டுக் கேட்டு, காரணத்தை ஒரு வரி எழுதி வையுங்கள்.

கடைசி மதிப்பெண்ணையே அடுத்தடுத்த சுற்றுகளுக்கும் நிரப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சரிந்துகொண்டிருந்தவரை அது பாதியில் நிறுத்திவைக்கிறது.

இறப்பு வேறு விஷயம். இறந்தவருக்கு ‘விடுபட்ட’ மதிப்பெண் என்று ஒன்று கிடையாது. ஆனால் ஒவ்வொருவரின் மதிப்பெண் போக்கையும் ஒரு கோடாக வரையும் வழக்கமான கலப்பு விளைவு மாதிரி (mixed-effects model), எல்லோரும் உயிரோடு இருப்பதுபோல் கோட்டை நீட்டிக்கொண்டே போகும். பூஜ்யம் போட்டால் சரியாகிவிடுமா? ஈகியூ-5டி என்ற பொது உடல்நல வினாத்தாளின் குறியீட்டில் 0 என்பது இறப்புக்குச் சமம். புற்றுநோயாளிகளுக்கான கியூஎல்கியூ-சி30 வினாத்தாளில் அப்படியில்லை. அங்கே 0 வாங்கியவரும் உயிரோடுதான் இருக்கிறார். உயிரோடிருப்பவர்களின் தரம் வேண்டுமா, தரமும் ஆயுளும் சேர்ந்த அளவு வேண்டுமா என்பதை முதலிலேயே முடிவுசெய்யுங்கள்.

அப்புறம், மதிப்பெண்ணுக்கு ஒரு மாதிரி, உயிர்பிழைப்புக்குத் தனியாக ஒரு காக்ஸ் மாதிரி (இறப்பு நிகழும் வேகத்தைக் கணிப்பது) என்று பிரிக்காதீர்கள். தரம் வேகமாகச் சரிபவரே சீக்கிரம் இறக்கவும் கூடும். கூட்டு மாதிரி (joint model) இரண்டையும் ஒரே கணக்கில் பிணைக்கிறது. அதிலும் ஆய்விலிருந்து விலகுவதையும் இறப்பையும் ஒரே நிகழ்வாக்கிவிடாதீர்கள். கூட்டு மாதிரியும் அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது. உயிரோடு விலகியவர்களின் ஊகித்த மதிப்பெண்ணை 5, 10 என்று குறைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் முடிவு மாறுகிறதோ, அந்த எண்ணையும் அறிக்கையில் போடுங்கள்.