கார் ஸ்டீரியோ ஒயர்: சால்டரா, கிரிம்ப்பா?

ஒயர்களை முறுக்கி டேப் சுற்றி விட்டுவிடாதீர்கள். வெயிலில் பசை இளகி டேப் கழன்றுவிடும். சால்டர் வைத்தால், அதாவது ஈயத்தை உருக்கி ஒட்டினால், உறுதிதானே என்று தோன்றும். ஆனால் உருகிய ஈயம் இழைகளுக்குள் ஊறி, ஊறிய இடம் வரை ஒயர் விறைத்துப்போகும். வண்டி அதிர அதிர, அந்த விளிம்பில்தான் இழைகள் ஒவ்வொன்றாக அறும். அதனால் கிரிம்ப்தான், அதாவது ஒயர் முனைகளைச் சின்ன உலோகக் குழாய்க்குள் (ஸ்லீவ்) விட்டு நசுக்கி இணைப்பதுதான், என் தேர்வு. கட்டிங் பிளேயரால் நசுக்கினால் போதாது. முழுதாக அழுந்தும்வரை பிடி விடாத ராட்செட் கிரிம்பிங் டூலும், ஒயரின் கனத்துக்கு ஏற்ற ஸ்லீவும் வேண்டும். சூடாக்கினால் சுருங்கி இணைப்பை மூடும் ஹீட் ஷ்ரிங்க் டியூபை முன்பே ஒயரில் கோத்துவிடுங்கள். அழுத்தியதும் இரு பக்கமும் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். உருவி வந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அப்புறம், ஸ்டீரியோவின் மஞ்சள் ஒயருக்குச் சாவி போடாமலே 12 வோல்ட் வரும். அதனால் வேலைக்கு முன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள்.